மணிப்பூர் மட்டக்குதிரையும் அதனைக் காக்கும் சங்கமும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் குதிரை மிகுந்த கவனிப்பை வேண்டுவது. மாடும் ஆடும் பெரும்பாலும் தாமே மேய்ந்து திரும்பிவிடும். குதிரைக்கோ தீனியறிந்து ஊட்டுபவர், குளம்பறிந்து லாடம் அடிப்பவர், நோயறிந்து மருந்து தருபவர், நடையறிந்து பழக்குபவர் ஆகிய பலர் தேவைப்படுகின்றனர். இவர்கள் அனைவரும் சேர்ந்த ஒரு சமூகம் இருக்கும் இடத்தில்தான் குதிரையினம் நிலைத்து வாழும். அச்சமூகம் கலைந்தால் குதிரையும் மறையும். இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே இரு சான்றுகள் உள்ளன. ஒன்று தென்னிந்தியக் கடற்கரையில் நிகழ்ந்து முடிந்த கதை. மற்றொன்று மணிப்பூரில் இன்றும் நடந்துவரும் முயற்சி.

கடல்வழி வந்த குதிரை

கொச்சி மட்டாஞ்சேரியிலுள்ள ஜூ டவுன் நறுமணப் பொருள்களுக்கும் பழம்பொருள்களுக்கும் பெயர்பெற்ற தெரு. 1568-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக்கூடம் அங்கேதான் உள்ளது. மிளகு, இஞ்சி, ஏலம் முதலிய அந்நிலத்துப் பொருள்களை நாடி அரபுக் கடலைக் கடந்து கப்பல்கள் வந்தன. அவ்வாறு மேற்குக் கடற்கரைத் துறைகளுக்கு வந்த கப்பல்கள் பல இறக்கிய விலையுயர்ந்த சரக்குகளுள் குதிரையும் ஒன்று. தென்னாட்டு மன்னர் படைகளுக்கு வேண்டிய நற்குதிரைகள் அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் கடல்வழியாகவே வந்தன. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறு தமிழர் அனைவரும் அறிந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரப் பயணி, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே உயிருடன் எஞ்சியதையும் எழுதிவைத்துள்ளார். அதற்கு அவர் கூறும் காரணங்கள் கருதத்தக்கவை. அந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை. லாடம் அடிப்பவரும் குதிரை வைத்தியரும் இல்லை. சோற்றோடு இறைச்சியையும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்கு ஊட்டினர். வெப்பமும் ஈரமும் மிகுந்த அந்நிலத்தில் நல்ல குட்டிகளும் பிறக்கவில்லை என்பன அவை. பயணியின் கூற்றில் சிறிது மிகை இருக்கலாம். எனினும் அதன் உட்கருத்து அறிவியலுக்கு ஒத்ததே. பொன் கொடுத்துக் குதிரையை வாங்கலாம்; குதிரை வளர்க்கும் அறிவை அவ்வாறு கப்பலில் இறக்கிவிட முடியாது.

மணிப்பூரின் மட்டக்குதிரை

இதற்கு நேர்மாறானது மணிப்பூரின் நிலை. மலைகள் சூழ்ந்த அச்சிறு மாநிலத்தில், பல நூற்றாண்டுகளாக அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்துவரும் மட்டக்குதிரை இனம் ஒன்று உண்டு. பதினொன்று முதல் பதின்மூன்று ‘ஹேண்ட்’ வரை உயரம் கொண்ட சிறிய உடலும், உறுதியான குளம்பும், களைப்பைத் தாங்கும் திறனும் வாய்ந்தது. மெய்தேய் மக்கள் இக்குதிரையைச் சமயத்தோடு இணைத்துப் போற்றுகின்றனர். ஹெய்ங்காங் குன்றில் வழிபடப்பெறும் மார்ஜிங் தெய்வம் சிறகுள்ள குதிரையின் மீது ஏறிவருவதாக அவர்தம் மரபு கூறுகிறது.

இன்று உலகெங்கும் ஆடப்பெறும் போலோ விளையாட்டு இக்குதிரையின் முதுகிலிருந்தே பரவியது. சகோல் காங்ஜெய் என்னும் மணிப்பூர் ஆட்டத்தில் அணிக்கு எழுவர் ஆடுவர். இலக்குக் கம்பங்கள் இல்லை. இவ்வாட்டத்தைக் கண்டு கற்ற ஆங்கிலேய அதிகாரிகள் 1859-இல் அசாமிலுள்ள சில்சாரில் போலோக் கழகம் ஒன்றை அமைத்தனர். அங்கிருந்து கல்கத்தாவுக்கும், பின்னர் இங்கிலாந்துக்கும் ஆட்டம் சென்றது. இம்பால் நகரின் நடுவிலுள்ள மாபால் காங்ஜெய்புங் திடல் உலகின் மிகப் பழமையான போலோத் திடல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

குறைந்துவரும் எண்ணிக்கை

இத்துணைப் பெருமை வாய்ந்த இனத்தின் எண்ணிக்கை கவலை தருவதாக உள்ளது. 2003-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் 1,900-க்குச் சற்றுக் குறைவாக இருந்த மணிப்பூர் மட்டக்குதிரைகள், 2012-இல் ஏறத்தாழ 1,100 ஆயின. 2019-இல் அதனினும் சிறிது குறைந்தன. இந்நிலை மணிப்பூருக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதிலும் 2012-இல் 6.25 இலட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-இல் 3.42 இலட்சமாக, அதாவது ஏறத்தாழ 45 விழுக்காடு, குறைந்துவிட்டன. வண்டியும் சுமையும் இயந்திரங்களிடம் சென்றதே இதற்கு முதற்காரணம்.

மணிப்பூரில் வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. அங்கே குதிரைகளை ஆண்டு முழுவதும் கொட்டிலில் கட்டித் தீனியிடும் வழக்கம் இல்லை. ‘பாட்’ எனப்படும் சதுப்பு நிலங்களில் அவை விருப்பம்போல் மேய்ந்துவந்தன. இம்பாலைச் சுற்றியுள்ள இந்நிலங்கள் கட்டடங்களாகவும் வயல்களாகவும் மாறியபின், மேய்ச்சலிழந்த குதிரைகள் நகரத் தெருக்களுக்கு வந்தன. அங்கே வாகனங்களில் அடிபடுகின்றன. குப்பைக் குவியல்களில் உணவு தேடுகின்றன.

குப்பை மேய்தல் குதிரைக்கு ஏன் பெருந்தீங்கு என்பதை அதன் உடலமைப்பு விளக்கும். மாட்டைப் போல் குதிரைக்கு நான்கு அறைகள் கொண்ட இரைப்பை இல்லை. அசைபோடும் இயல்பும் இல்லை. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. ஆதலால் குதிரை நாளின் பெரும்பகுதியில் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். புல்லின் நார்ப்பொருள் பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெருங்குடல்வாயிலும் வாழும் நுண்ணுயிர்களால் புளிக்கச் செய்யப்பட்டுச் செரிக்கிறது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ உலர் தீவனம், அல்லது அதைப்போல் நான்கைந்து மடங்கு பச்சைப்புல் தேவை. தின்றது ஒவ்வாவிடில் அதனை வாந்தியாக வெளியேற்றவும் குதிரையால் இயலாது. எனவே உணவோடு விழுங்கிய பிளாஸ்டிக் பை குடலின் வளைவில் அடைத்துக்கொண்டால், கடும் வயிற்றுநோவு கண்டு விலங்கு இறக்க நேர்கிறது.

சங்கத்தின் பணி

இச்சூழ்நிலையில் மாநிலம் முழுவதற்கும் பொதுவான அமைப்பாகச் செயற்படுவது மணிப்பூர் குதிரையேற்ற, போலோச் சங்கம். போலோப் போட்டிகளை நடத்துதல், ஆட்டக் கழகங்களை ஒருங்கிணைத்தல், இளைஞர்க்குக் குதிரையேற்றம் பயிற்றுதல் ஆகியவை அதன் முதன்மைப் பணிகள். 1991 முதல் பன்னாட்டுப் போலோப் போட்டிகளும், 2016 முதல் வெளிநாட்டு மகளிர் அணிகள் பங்கேற்கும் போட்டிகளும் இம்பாலில் நடைபெற்றன. 2005-இல் அமைந்த மணிப்பூர் மட்டக்குதிரைக் கழகம் ஹெய்ங்காங்கில் இனப்பெருக்கப் பண்ணையை நடத்தி இப்பணிக்குத் துணைநிற்கிறது.

விளையாட்டுப் போட்டி எவ்வாறு ஓர் விலங்கினத்தைக் காக்கும் என்னும் ஐயம் எழலாம். சுமை இழுக்கும் வேலை போனபின், இக்குதிரைக்கு எஞ்சியுள்ள வேலை போலோ ஒன்றே. போட்டிகள் நின்றால் உரிமையாளர் குதிரை வைத்திருக்கக் காரணம் இல்லை. உரிமையாளர் விலகினால் சேணம் செய்வோர், பழக்குவோர், பேணுவோர் அனைவரும் வேறு தொழில் நாடுவர். அக்கைத்திறன் ஒரு தலைமுறை இடைவெளியில் அற்றுப்போனால், மார்க்கோ போலோ கண்ட நிலையே மீண்டும் வரும். எனவே போட்டி என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. குதிரையைச் சூழ்ந்த சமூகத்தைச் சிதறாமல் பிணைத்து வைக்கும் கயிறு. மாநில அரசும் 2016-இல் மட்டக்குதிரைப் பாதுகாப்பு, மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வகுத்தது.

எண்ணிக்கையும் இனத்தூய்மையும்

ஆயிரம் குதிரைகள் உள்ளனவே, அவை போதாவோ என்று கேட்கலாம். மரபியலார் தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. அடுத்த தலைமுறைக்கு வித்திடும் ஆணும் பெண்ணும் எத்தனை என்பதையே நோக்குகின்றனர். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதனை நான்கால் பெருக்கி, இருபாலாரின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது அவ்வினத்தின் ‘பயனுறு எண்ணிக்கை’ ஆகும்.

எடுத்துக்காட்டாக, 400 பெண் குதிரைகளும் 20 பொலிகுதிரைகளும் இனப்பெருக்கத்தில் ஈடுபட்டால் பயனுறு எண்ணிக்கை ஏறத்தாழ 76 மட்டுமே. பொலிகுதிரைகள் ஐந்தே எனில் அது 20 ஆகச் சுருங்கிவிடும். முதல் நிலையில் நெருங்கிய உறவுக்கலப்பு தலைமுறைக்கு 0.7 விழுக்காட்டளவில் ஏறும், இரண்டாவதில் 2.5 விழுக்காடு ஏறும். தலைமுறைக்கு ஒரு விழுக்காட்டுக்கு மேற்படாமல் இதனைக் காத்தல் வேண்டும் என்பது கால்நடை மரபியலார் பொதுவாகக் கொள்ளும் வரம்பு. அவ்வரம்பு மீறினால் கருவளம் குன்றும், நோயெதிர்ப்பும் தளரும், மறைந்துகிடந்த குறைகள் வெளிப்படும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது. சிறந்த ஆட்டக்குதிரை ஒன்றின் வித்தையே எல்லோரும் நாடுதல் இனத்துக்கு நன்மையன்று. எந்தக் குட்டி எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தது என்னும் மரபுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதுதலும், பொலிகுதிரைகளை ஊர் மாற்றிப் பயன்படுத்துதலும் இன்றியமையாதவை. சிதறிக் கிடக்கும் உரிமையாளர் தனித்தனியே இதனைச் செய்ய இயலாது. மாநிலம் தழுவிய ஓர் அமைப்பின் தேவை இங்கே மிகத் தெளிவாகப் புலப்படுகிறது. பெண் குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் சினைதாங்கி ஒரே குட்டி ஈனுவதால், இழந்த எண்ணிக்கையை விரைந்து மீட்பதும் கடினம்.

ஆராய்ச்சியின் துணை

1985-இல் அரியானா மாநிலத்து ஹிசாரில் தொடங்கப்பெற்ற தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்துறையில் வழிகாட்டுகிறது. அதன் பிகானேர் வளாகத்தில் 2023-இல் மார்வாரி இனக் குட்டியொன்று கருமாற்று முறையால் பிறந்தது. உயர்ந்த பெண் குதிரையின் கருவை எடுத்து வேறொரு பெண் குதிரையின் கருப்பையில் வளர்ப்பதே இம்முறை. வித்தை உறையவைத்துச் சேமிக்கும் முறையும் இத்துடன் சேர்ந்தால், அருகிவரும் இனங்களுக்கு ஒரு காப்புக்களஞ்சியம் அமையும்.

நோய்த்தடுப்பும் இம்மையத்தின் பெரும்பணி. 1880-இல் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் இரத்தத்தில் கண்டறிந்த நுண்ணுயிரால் வரும் சர்ரா நோய், கடிக்கும் ஈக்களால் பரவுகிறது. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோய் மனிதரையும் பற்றக்கூடியது. நோய்கண்ட குதிரையைக் கொன்றுவிட 1899-ஆம் ஆண்டின் சட்டமே வகைசெய்திருந்தது. 2008-இல் பரவிய குதிரைச் சளிக்காய்ச்சல் பல மாநிலங்களைத் தாக்கியது. சில ஆயிரம் விலங்குகளே கொண்ட இனம் ஒன்று இத்தகைய ஒரே தாக்குதலில் நிலைகுலையக்கூடும். எனவே போட்டிக்கு வரும் குதிரைகளின் இரத்தத்தைச் சோதித்தல், புதிதாக வந்தவற்றைத் தனியே வைத்துக் கவனித்தல், நோய்க்குறி தோன்றியவுடன் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் ஆகியவற்றைச் சங்கங்கள் தம் உறுப்பினரிடையே வழக்கமாக்குதல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

மணிப்பூர் மட்டக்குதிரையின் எதிர்காலம் மூன்று கூறுகளைச் சார்ந்துள்ளது. முதலாவது மேய்ச்சல் நிலம். சதுப்பு நிலங்களில் ஒரு பகுதியேனும் குதிரைக்கென ஒதுக்கப்படாவிடில் பிற முயற்சிகள் யாவும் பயன்தரா. இரண்டாவது பதிவேடு, ஒவ்வொரு குட்டியும் கணக்கில் வந்தால்தான் உறவுக்கலப்பைத் தடுக்கலாம். மூன்றாவது வருவாய், குதிரையால் உரிமையாளருக்குச் சிறிதளவேனும் பயன் கிட்டினால்தான் அது தெருவில் விடப்படாது.

இவற்றுள் நிலம் அரசின் கையிலும், பதிவேட்டுக்கான நுட்பம் ஆராய்ச்சியாளர் கையிலும், வருவாய்க்கான வழி ஆட்டத்தை நடத்துவோர் கையிலும் உள்ளன. மூவரையும் குதிரைக்காரரின் கொட்டில்வரை கொண்டுசேர்க்கும் பாலமாகச் சங்கம் அமைகிறது. தென்கடற்கரையில் பொன் கொட்டி வாங்கிய குதிரைகள் பேணுவாரின்றி மடிந்தன. மணிப்பூரில் பேணும் மக்கள் இன்னும் இருக்கின்றனர். குதிரையும் இன்னும் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றையொன்று இழக்கும் முன்னர் ஆவன செய்தலே அறிவுடைமை.