ரோட்டுப் பலகைக்கும் ஒரு ஸ்டாக் நோட்டு வேண்டும்!



ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டுகிற வளைவில், 'பள்ளிக்கூடம் இருக்கிறது' என்று காட்டும் முக்கோணப் பலகை லாரி இடித்துப் போய்விட்டது. கம்பம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. கேட்டால், "சொல்லியாச்சு, பலகை வரணும்" என்கிறார்கள். ஒரு பலகை வருவதற்கு ஏன் இத்தனை நாள்? வாங்க, யோசிப்போம்.

முதலில் பலகைகளின் வகை. சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கும். வட்டம் கட்டளை இடும். செவ்வகம் தகவல் சொல்லும். 'நில்' பலகைக்கு மட்டும் எட்டு மூலை. இரவில் வண்டி லைட் பட்டதும் பளிச்சென்று தெரிவதற்காக, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஷீட்டை மேலே ஒட்டுகிறார்கள். தரத்தைப் பொறுத்து அதற்கு 7 முதல் 10 வருடம்தான் உத்தரவாதம். வெயிலில் மங்கிவிடும். பகலில் நல்லாத்தான் தெரியும், ராத்திரியில் தெரியாது. அதனால் பலகையை இரவிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆக, ஒரு பலகை இரண்டு விதமாகக் கெட்டுப்போகிறது. ஒன்று, வயதாகி மங்குவது. இது முன்கூட்டியே தெரியும். மாட்டிய மாதம், வருடத்தைப் பலகையின் முதுகில் எழுதி, நோட்டிலும் ஏற்றிவிட்டால் போதும். 10 வருடம் உழைக்கும் பலகை 100 இருந்தால், வருடத்துக்குச் சுமார் 10 மாற்ற வேண்டிவரும். இரண்டாவது, திடீரென்று இடிபடுவது, திருடு போவது. இதற்குத்தான் கையில் ஸ்டாக் வேண்டும்.

எவ்வளவு ஸ்டாக்? ஒரு கணக்கு போடுவோம். மாதம் 4 பலகை உடைகிறது, ஆர்டர் போட்டால் வர 3 மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 × 3 = 12. தாமதம் ஆனால் சமாளிக்க இன்னும் 4. ஆக, 16 மிச்சம் இருக்கும்போதே அடுத்த ஆர்டர் போட்டுவிட வேண்டும். எல்லாம் தீர்ந்த பிறகு போட்டால் மூணு மாசத்துக்கு வளைவு மொட்டைதான்!

எல்லாப் பலகையையும் வாங்கி அடுக்கவும் கூடாது. வளைவு, பள்ளி, 'நில்' போன்றவை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். அவற்றைச் சேமித்து வைக்கலாம். ஊர்ப் பெயரும் தூரமும் எழுதிய பலகை வேறு ஊருக்கு உதவாது. அதைத் தேவைப்படும்போது மட்டும் செய்யச் சொல்ல வேண்டும்.

ரேஷன் கடையில் பழைய மூட்டையை முதலில் பிரிப்பார்கள் இல்லையா? இங்கேயும் பழைய பலகைதான் முதலில் போக வேண்டும். பலகை, கம்பம், போல்ட், கிளாம்பு எல்லாம் ஒரே கட்டாக இருக்க வேண்டும். பலகை வந்து போல்ட் வராவிட்டால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு தடவை அலையாமல், ஒரே ரோட்டில் உள்ள வேலைகளை ஒரே நடையில் முடித்தால் டீசல் மிச்சம். ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட பலகை அந்த நடைக்காகக் காத்திருக்கக் கூடாது. அது அன்றே போக வேண்டும்.

சரி, எந்த இடத்துப் பலகை என்று எப்படிச் சொல்வது? "புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்றால் ஆபீசில் புரியாது. கிலோமீட்டர் கல்தான் ரோட்டுக்கு விலாசம். நடுவில் 200 மீட்டருக்கு ஒரு கல்லும் உண்டு. 'இத்தனையாவது கிலோமீட்டர், 400 மீட்டர் கல், இடது பக்கம்' என்றால் தேட வேண்டாம்.

சட்டமும் நமக்குத் துணை. 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 116-ஆம் பிரிவுப்படி, போக்குவரத்துப் பலகையை வேண்டுமென்றே அகற்றவோ சிதைக்கவோ கூடாது. தெரியாமல் இடித்து உபயோகமில்லாமல் ஆக்கியவர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலே நோட்டில் அன்றே ஏறிவிடும்.

நாம் செய்யக்கூடியது:
1. பலகை மேல் போஸ்டர் ஒட்டக் கூடாது. மறைக்கும் கிளையைப் பார்த்தால் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.
2. ரோட்டோரமாகப் பத்திரமாக நடந்து, கல் எண், பலகை வகை, நல்லது/மங்கல்/இல்லை என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும்.
3. அதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் பெரியவர்கள் மூலம் மனுவாகக் கொடுக்க வேண்டும்.

இந்த வாரமே நோட்டு போடுவோம். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பெயர் எழுதுங்கள்.