துண்டான விரலுக்கு அவகாசம் உண்டு, துடிக்கும் இதயத்துக்கு இல்லை: தெரியுமா?

மறைமலைநகர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளியின் விரல் பிரஸ் மெஷினில் சிக்கித் துண்டாகிவிட்டது என்று வையுங்கள். அதே நிமிடம், நாலு தெரு தள்ளி ஒரு பெரியவருக்கு மாரடைப்பு. இரண்டில் எதற்கு அவகாசம் அதிகம், தெரியுமா? தரையில் விழுந்து கிடக்கிறதே, அந்த விரலுக்குத்தான்!

நம்ப முடியவில்லையா? விரலுக்குள் எலும்பு, தோல், நரம்பு, தசைநாண் எல்லாம் உண்டு. தசை மட்டும் கிடையாது. கையில் ரத்தம் நின்றதும் ஆக்சிஜனுக்கு அதிகம் தவிப்பது தசைதான். அதனால் முறையாகக் குளிர்ச்சியில் வைத்த விரலை ஏறத்தாழ 24 மணி நேரம் வரைகூட மறுபடி ஒட்டவைக்க வாய்ப்பு இருக்கிறது. முழங்கையோடு துண்டானாலோ, குளிர்ச்சி இல்லாமல் 6 மணி நேரம் தாண்டுவதே கஷ்டம், அங்கே அவ்வளவு தசை! ஆனால் நேரத்தோடு போட்டி போட்டால் அதுவும் முடியும்: சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-இல் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் இரண்டு கைகளையும் இன்னொருவருக்குப் பொருத்தியே காட்டினார்கள்!

துண்டான விரலை நேராக ஐஸில் போடவே கூடாது, தெரியுமா? ஐஸ் பட்ட இடம் உறைந்து செத்துவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் இது!

இப்போது இதயம். உடம்பிலேயே ரத்தம் நிறைந்த அறைகள் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் தன் தடித்த சுவருக்கு வேண்டியதை அந்த அறைகளிலிருந்து அதனால் எடுத்துக்கொள்ள முடியாது! மகாதமனியிலிருந்து கிளம்பி வெளிப்பக்கமாக ஓடிவரும், சில மில்லிமீட்டரே அகலமுள்ள குழாய்கள்தான் அதற்குச் சோறு போடுகின்றன. இடது பக்கச் சுவருக்கு அந்த ரத்தமும் பெரும்பாலும் இதயம் தளரும் நொடிகளில்தான் பாய்கிறது!

அந்தக் குழாய் அடைத்தால்? அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்குகிறது. அதுவும் உள்பக்கத்தில் ஆரம்பித்து அலை அலையாக வெளிப்பக்கம் நகர்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரைமரும் ஜென்னிங்ஸும் 1970-களில் நாய்களின் இதயத்தில் கண்டறிந்தது இது. சில மணி நேரத்தில் சுவரின் பெரும்பகுதி போய்விடும். போனது தழும்பாகும், தழும்பு ஒருநாளும் துடிக்காது. நடுவில் எப்போது அடைப்பைத் திறந்தாலும் மிச்சத் தசை பிழைக்கும் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய அதிசயம்!

மூளைக்கு இந்த அவகாசமும் இல்லை. பெரிய ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் வழக்கமான கெடு. கல்லீரலோ கொடுத்துவைத்தது, அதற்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது, ஒன்று அடைத்தாலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

நம் தமிழ்நாடு இந்த நேரப் போட்டியில் செய்து காட்டியது தெரியுமா? சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் பெரிய இதய மையங்களோடு இணைத்து 2012 முதல் 2014 வரை ஒரு ஆய்வு நடந்தது. கடும் மாரடைப்பு வந்தவர்களில் ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள்! 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அடார்வாஸ்டேட்டின் 8. அதை விழுங்கிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பக்கவாதத்துக்கு மட்டும் இதை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் ரத்தக்கசிவாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும்.

சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ இடது கையிலோ வலி என்றால் ‘வாயு’ என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தனியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள்.