ஏலச்செடிக்கு மருந்து, மனுஷனுக்கு வசவா?



குடியிலிருந்து மனிதனை மீட்பது மன உறுதியா, மருத்துவமா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர், "உறுதி இருந்தா இன்னிக்கே நிறுத்தலாம்யா"ன்னு மேஜையைத் தட்டிட்டுப் போனார். நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்க பக்கம் உறுதிக்குப் பஞ்சமே இல்லீங்க. வீரபாண்டி கௌமாரியம்மன் சந்நிதியில சத்தியம் பண்ணி, கையில கயிறு கட்டி, வருஷத்துக்கு நாலு தடவை நிறுத்துவாங்க! (சிரிப்பு)

போடிக்கு மேலே ஏலமலை. விடியுமுன்னே தூக்குவாளியோட பெண்கள் ஜீப்புல போடிமெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டங்கள்ல காய் எடுத்துட்டு, பொழுது சாய இறங்குறாங்க. முந்தானையில முடிஞ்ச கூலியை அவிழ்க்க வீட்டுல ஒரு கை காத்திருக்கும். அந்தக் கையைத் திட்டாத வாய் கிடையாது. திட்டித் திருந்தினது எத்தனை பேர்?

அதே மலையில மழைக்காலத்துல ஏலச்செடிக்கு 'அழுகல்' நோய் வரும். தோட்டக்காரர் செடியைப் பார்த்து, "உனக்கு மன உறுதி பத்தாது"ன்னா சொல்றார்? (கைத்தட்டல்) அழுகினதை அகற்றுறார், வடிகால் வெட்டுறார், மழைக்கு முன்னாடியே போர்டோ கலவை அடிக்கிறார். காரணத்தைத் தேடி, மருந்தும் போட்டு, சூழலையும் சரி பண்றார். செடிக்குச் செய்கிறதை மனுஷனுக்கும் செய்யுங்கன்னுதான் எங்க அணி கேட்கிறது.

குடிநோய்க்குக் காரணம் என்ன? இரட்டைப் பிள்ளைகளையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். இந்த நோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரை, மீதி சூழ்நிலை என்று தெரிந்தது. அப்பா குடிச்சார்னா மகனும் குடிச்சே தீரணும்னு விதியில்லை. ஆனா அந்த மகன் மற்றவனைவிட ஜாக்கிரதையா இருக்கணும்.

அடுத்தது மூளை. மது, மூளைக்கு ஒரு பிரேக். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போடிமெட்டு ஏறணும்னா, ஆக்ஸிலேட்டரையும் கூடுதலா மிதிக்கணும். தினமும் நிறையக் குடிக்கிறவர் மூளை அப்படித்தான் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிடுகிறது. திடீர்னு பிரேக்கை எடுத்தா, கொண்டை ஊசி வளைவுல வண்டி என்னாகும்? கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரியும், இல்லாத குரல் கேட்கும். நாம என்ன சொல்றோம்? "சத்தியம் பண்ணினான்ல, சாமி சோதிக்குது; பேய் பிடிச்சிருச்சு." பேயில்லைங்க! கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். மருத்துவமனையில் சேர்த்தால், மூளையை அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் பி-1 ஊசியும் போடுவார்கள்.

அதன் பிறகும் மருந்து இருக்கிறது. 1940-களில் டென்மார்க்கில் ஹால்ட், யாக்கோப்சன் என்ற இருவர், டைசல்ஃபிராம் புழுவுக்கு மருந்தாகுமா என்று தாங்களே சாப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு மது குடித்தால் முகம் சிவந்தது, நெஞ்சு படபடத்தது, வாந்தி வந்தது. புழுவைத் தேடப் போய்க் குடிக்கு மருந்து கிடைத்தது! (சிரிப்பு) தாய்மார்களே, ஒரு எச்சரிக்கை. இதை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்காதீர்கள். அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் சம்மதித்து, மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். குடியின் மேல் வரும் ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோனை 1994-ல் அமெரிக்கா குடிநோய்க்கு அங்கீகரித்தது.

"அப்ப மனசுக்கு வேலையே இல்லையா?" இருக்குய்யா! கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. மருத்துவர் அல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோய் முற்றாத குடிகாரர்களோடு அதிகபட்சம் நான்கு முறை பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து, பேச்சு கிடைத்தவர்களில் 100-க்கு 36 பேர் கெடுதலான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 பேர். கவனிங்க, அது வசவு இல்லை. முறையாகக் கற்றுக்கொண்ட பேச்சு. அதுவும் மருத்துவம்தான்!

நம்ம தமிழ்நாட்டிலேயே சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அழுதுகொண்டு உட்காரவில்லை. 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ பெற்றார். தன் வீட்டுக்குக் கிடைக்காத வைத்தியம் ஊராருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்த மனசு அது. (கைத்தட்டல்)

சிகிச்சைக்குப் பிறகும் சிலர் மறுபடி குடிப்பார்கள். சர்க்கரை மறுபடி ஏறினால் வைத்தியத்தை விட்டுவிடுகிறோமா? சத்தியம் உடைந்தவன் வெட்கப்பட்டு ஒளிகிறான். சிகிச்சையில் இருப்பவன் திரும்பி வருகிறான்.

நடுவர் அவர்களே, கோயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீரபாண்டிக்குப் போங்க, ஆத்தாளைக் கும்பிடுங்க. அப்படியே க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் இறங்கி மனநல மருத்துவரைப் பாருங்க. அவர் மனசுல உறுதி இருக்கு. அது நிக்கிறதுக்குத் தரை வேணும். அந்தத் தரையைக் கொடுப்பது மருத்துவமே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.