பைலைக் கெடுக்கும் இடைத்தரகர்!
அனுப்பியவர் மீது பழி போடும் முன் அளவைப் பாருங்கள்

ஊரில் இருந்து வரவேண்டிய பத்திர நகல், ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து இறங்குகிறது. திறந்தால், "பைல் கெட்டிருக்கிறது" என்று திரையில் எழுத்து வருகிறது. அனுப்பியவரிடமோ அதே பைல் ஒழுங்காகத் திறக்கிறது. கெடுத்தது யார்?

நடுவில் நிற்கும் "பிராக்சி" கம்ப்யூட்டராக இருக்கலாம். ஆபீஸ் முழுவதற்கும் இண்டர்நெட்டில் இருந்து தகவலை வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர் அது. வாங்கியதை அப்படியே கொடுத்தால் தொல்லை இல்லை. கடிதம் என்று நினைத்துத் "திருத்தி"க் கொடுத்தால்தான் வினை!

13-ம், 10-ம்

டைப்ரைட்டர் தட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு வரி முடிந்ததும் உருளை, வரியின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி நகர வேண்டும். கம்ப்யூட்டரில் முதல் காரியத்துக்கு எண் 13. இரண்டாவதற்கு எண் 10.

விண்டோஸ் இரண்டையும் போடும். லினக்ஸ் 10-ஐ மட்டும் போடும். அதனால் கடிதம் கைமாறும்போது 13-ஐச் சேர்ப்பதும், நீக்குவதும் உண்டு. கடிதத்துக்கு அதனால் கேடு இல்லை.

படத்திலும், சுருக்கிக் கட்டிய "ஜிப்" பைலிலும் 10 என்பது வரி முடிவு அல்ல. சரக்கின் ஒரு பகுதி. 10 லட்சம் பைட் உள்ள ஜிப் பைலில், சுமார் 3,900 இடங்களில் 10 தற்செயலாகவே வரும். அத்தனை இடத்திலும் 13 நுழைந்தால் பைல் பாழ்!

13-ஐ நீக்கினால் இன்னும் மோசம். எங்கெங்கே இருந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அனுப்பும் கம்ப்யூட்டர், படத்தின் மேல் "எழுத்து" என்று தவறான சீட்டு ஒட்டினாலும் இந்த ஆபத்து உண்டு.

காவல் என்ன?

1996-ல் வெளியான "பி.என்.ஜி." பட முறையில் இதற்குப் பொறி வைத்தார்கள். ஒவ்வொரு படமும் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற 8 எண்களுடன் தொடங்கும். வழியில் யாராவது "திருத்தி"னால் இந்த வரிசை கலைந்து, குட்டு வெளிப்பட்டுவிடும்.

"எச்.டி.டி.பி.எஸ்." என்று தொடங்கும் முகவரியில் தகவல் பூட்டியே வருகிறது. இடையில் உள்ளவர் கைவைக்க முடியாது. ஆனால் சில ஆபீஸ்களில் பிராக்சியே அந்தப் பூட்டைத் திறந்து பார்ப்பதுண்டு.

எனவே, பைல் திறக்காவிட்டால் அதன் அளவை அனுப்பியவரிடம் கேளுங்கள். ஒரு பைட் கூடினாலும், குறைந்தாலும் வழியில் ஏதோ நடந்திருக்கிறது. செல்போன் இணைப்பில் மறுபடி இறக்கிப் பாருங்கள். அதில் திறந்தால், ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரிவில் சொல்லுங்கள். மூலப் பைலை மட்டும், வேலை முடியும்வரை அழிக்க வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லி வையுங்கள்.