உங்களுக்குத் தெரியுமா? பச்சை மாறாத கிறிஸ்துமஸ் பட்டாணி

புனேயின் மகாத்மா புலே மண்டயி, 1886-இல் ‘ரே மார்க்கெட்’ என்ற பெயரில் திறக்கப்பட்ட காய்கறிச் சந்தை. டிசம்பரில் அங்கே பச்சைப் பட்டாணி குவிந்து கிடக்கும். அழுத்தினால் தோல் ‘டப்’பென்று வெடிக்க வேண்டும், அதுதான் இளசு. கிறிஸ்துமஸ் பிரியாணிக்கும் கறி வறுவலுக்கும் இதைவிட நல்ல துணை ஏது!

ஆனால் மூடிபோட்டு வேகவைத்தால் நிறம் மங்கிவிடும். காயிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேற வழியில்லாமல், பச்சையத்தின் நடுவிலுள்ள மெக்னீசியத்தை அகற்றிவிடுகிறது. திறந்த பாத்திரத்தில், கொதிக்கும் உப்புநீரில் 2 நிமிடம் போதும். எடுத்ததும் குளிர்ந்த நீரில் போடுங்கள். சமையல் சோடா வேண்டவே வேண்டாம். போட்டால் பச்சை நிற்கும், ஆனால் காய் குழைந்துவிடும், பி1 வைட்டமினும் போய்விடும். எலுமிச்சையும் அமிலம்தான், அதனால் பரிமாறும்போது மட்டும் பிழியுங்கள்.