எண்ணை அல்ல, கோட்டைத் திருத்துங்கள்

வீடு கட்டுவோரின் கைக்கு இன்று வரும் வரைபடம் பெரும்பாலும் கணினியில் வரையப்பட்டதே. 1982-இல் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருளும் அதன் வழிவந்தவையும் வரைபலகைக்கு ஏறக்குறைய விடைகொடுத்துவிட்டன. கட்டட வரைபடம் வரைவதையும் அதைக் கற்பிப்பதையும் தொழிலாகக் கொண்ட என்னிடம் மாணவர்கள் தவறாமல் கேட்பது, 'வேகமாக வரைய என்ன வழி?' என்பதுதான். வேகத்துக்கான குறுக்குவழிகள் ஏராளம். எனக்குப் பிடித்த வசதிகளோ, வரைபடத்தைப் பொய் சொல்லாமல் காப்பவை.

முதலாவது, உண்மை அளவிலேயே வரைவது. காகிதத்தில் நூறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தோம். கணினியில் 3,000 மில்லிமீட்டர் அகல அறையை 3,000 என்றே வரையலாம். அச்சிடும்போது மட்டும் சுருக்கினால் போதும். கோட்டை உத்தேசமாக இழுக்காமல், திசையைக் காட்டி எண்ணைத் தட்டச்சு செய்தால் நீளம் துல்லியமாக அமையும்.

இரண்டாவது, 'ஆப்ஜெக்ட் ஸ்நாப்'. கோட்டின் முனை, நடுப்புள்ளி, இரு கோடுகள் வெட்டும் இடம் ஆகியவற்றைச் சுட்டி தானே பற்றிக்கொள்ளும் வசதி இது. எஃப்3 விசையால் இதை இயக்கலாம். இதன் துணையின்றி வரைந்த மூலையில் இரு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி தெரியும்.

மூன்றாவது, 'பிளாக்'. ஒரு சன்னலை ஒருமுறை வரைந்து பெயரிட்டுவிட்டால், வேண்டிய இடங்களிலெல்லாம் அதையே பதிக்கலாம். மூல வடிவத்தைத் திருத்தினால் பதித்த இடங்கள் அனைத்தும் திருந்தும். 1963-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த 'ஸ்கெட்ச்பேட்' நிரலிலேயே இந்தக் கருத்து இருந்தது. நாற்பது சன்னல்களைத் தனித்தனியே திருத்தினால் ஒன்றிரண்டு விடுபடக்கூடும். பிளாக்கில் அந்த அச்சம் இல்லை.

நான்காவது, 'ஓவர்கில்' கட்டளை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்த கோடுகளை இது நீக்கும். திரையில் அவை ஒரே கோடாகத்தான் தெரியும். ஆனால், அந்தக் கோப்பை லேசர் வெட்டு இயந்திரத்துக்கு அனுப்பினால், ஒரே இடத்தை அது இருமுறை வெட்டக்கூடும்.

இவ்வளவு வசதிகளையும் ஒரு நொடியில் வீணாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அறையின் அகலம் 3,000 இருக்க வேண்டும்; மென்பொருள் 2,985 என்று காட்டுகிறது. கோட்டை நகர்த்தினால் பக்கத்து அறையையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு அஞ்சி, அளவெண்ணின் மேல் சொடுக்கி 3,000 என்று எழுதிவிடுகிறார்கள். சரிபார்க்க என்னிடம் வந்த வரைபடங்களில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

எண் ஒன்றைச் சொல்கிறது. கோடு வேறொன்றாக இருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து பெறப்படும் தரைப் பரப்பும் தூணின் இடமும் பழைய அளவிலேயே நிற்கின்றன. அறைகளின் அளவுகளைக் கூட்டினால் கட்டடத்தின் மொத்த நீளம் வருவதில்லை. கூட்டிப் பார்க்கும் மேஸ்திரி வேலையை நிறுத்திக் கேட்பார். பார்க்காதவர் கட்டி முடிப்பார். 15 மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். அலமாரிச் சட்டமோ கதவு நிலையோ பொருந்தாமல் போக அதுவே போதும். உடைத்துக் கட்டும் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

இதற்குத் தீர்வு எளியது. ஆட்டோகேட்டில் மேலெழுதிய எண்ணை அழித்து, அங்கே கணிதத்தில் 'சிறிது', 'பெரிது' என்பவற்றைக் குறிக்கும் இரு குறிகளையும் அடுத்தடுத்து இட்டால், கோட்டின் உண்மையான அளவு மீண்டும் தோன்றும். பிறகு திருத்த வேண்டியது கோட்டைத்தான்.

வீடு கட்டவிருப்போர் இதைத் தாங்களே சோதிக்கலாம். அச்சிட்ட தாளோடு நின்றுவிடாமல், கோப்பைத் திரையில் திறந்து மூன்று நான்கு இடங்களை உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அறை அளவுகளோடு சுவர்க் கனங்களையும் சேர்த்து மொத்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஐடிஐகளும் பாலிடெக்னிக்குகளும் மாணவர் எத்தனை கட்டளைகளை அறிவார் என்பதோடு, அவர் வரைந்த கோடும் எழுதிய எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதற்கும் மதிப்பெண் தர வேண்டும். வரைந்தவரைக் காணாமலே, அந்த எண்ணை நம்பித்தான் கொத்தனார் நூல் பிடிக்கிறார்.