உருவம் தேடி – 11: நுனிகள் வெளியிலா, உள்ளேயா?

காலாப்பட்டில் கடற்கரைச் சாலையோரம் பரந்து கிடக்கும் புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 1985-இல். அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவன வேதியியலர் டொனால்டு டொமாலியா, 'பாமாம்' என்ற கிளைப் பாலிமர்களைப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். இவ்வகை மூலக்கூறுகளுக்கு டென்ட்ரைமர் என்று பெயர்.

கிளைப்பில் கணக்குப் பிசகாது. முதலில், அதாவது பூஜ்யத் தலைமுறையில், நான்கு நுனி. அடுத்த தலைமுறையில் 8, பிறகு 16. நான்காம் தலைமுறையில் 64 நுனிகள் இருந்தும், மூலக்கூறின் விட்டம் சுமார் 4.5 நானோமீட்டர்தான். காகிதத்தில் வரைந்தால் நுனிகளெல்லாம் விளிம்பில் வரிசையாக நிற்கும். கரைசலில்?

அங்கேதான் சண்டை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பியேர்-ஜில் தெ ஜென், 1983-இல் எர்வேயுடன் சேர்ந்து போட்ட கணக்கில் நுனிகள் வெளிப்புறத்தில் நெருங்கி நின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான முருகப்பன் முத்துக்குமார் 1990-இல் லெஸ்கனெக்குடன் கணினியில் கிளைகளை வளர்த்துப் பார்த்தார். நடுவில்தான் அடர்த்தி அதிகம். ஆலமரத்தின் விழுதுபோலக் கிளைகள் மடங்கி உள்ளேயும் வந்திருந்தன.

யார் சொன்னது சரி? கரைசலில் நெளிந்துகொண்டே இருப்பதைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, சில டிகிரிக்குள் சிதறுவதை அளக்க வேண்டும். ஆந்த்ரே கினியே 1930-களின் இறுதியில் வகுத்த வழி இது. (தெ ஜென், கினியே இருவருமே பிரெஞ்சுக்காரர்கள், புதுவைக்காரர்கள் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.) கிடைப்பது படம் அல்ல, ஒரு வளைகோடு. அதன் தொடக்கச் சரிவிலிருந்து மூலக்கூறின் சராசரி அளவு தெரியும். மேலும் போகப்போக அதன் வடிவம்.

தண்ணீரில் இந்த அளவீடு இன்னும் தலைவலி. எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். பாலிமரின் எலக்ட்ரான் அடர்த்தி தண்ணீருடையதைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆகவே மெல்லிய கண்ணாடிக் குழாயில் வெறும் தண்ணீரை அளந்து, கரைசலின் அளவீட்டிலிருந்து கழிக்க வேண்டும். கரைசல் செறிவாக இருந்தால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பாதித்துக் கணக்கைக் கெடுக்கும்; நீர்த்துப்போனாலோ சமிக்ஞை காணாமல் போகும்.

1997-இல் புரோசா, பாவர், ஏமிஸ் குழுவினர் மூன்றாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரை மெத்தனாலில் அளந்தார்கள். சிறியவை தளர்ந்த நட்சத்திரம்போலச் சிதறடித்தன. பத்தாவது, விளிம்பு தெளிந்த உருண்டையாகத் தெரிந்தது. நுனி எது, நடு எது என்று மட்டும் எக்ஸ் கதிருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 1999-இல் நுனிகளில் ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்து அடையாளமிட்டு, நியூட்ரானால் பார்த்தார்கள். ஏழாம் தலைமுறையில் நுனிகள் பெரும்பாலும் வெளிப்பக்கமே இருந்தன. அந்த ஒரு விஷயத்தில் தெ ஜென் பக்கம் காற்று வீசியது உண்மை. ஆனால் உள்ளே காலி, வெளியே ஓடு என்ற எண்ணம் தேறவில்லை. முத்துக்குமாரின் முடிவுக்கு அதில் மதிப்பு உண்டு.

அமிலம் சேர்த்தால் நுனிகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும், மூலக்கூறு ஊதிவிடும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2000-இல் கனநீரில் எட்டாம் தலைமுறையை நியூட்ரானால் அளந்தபோது அளவு ஏறக்குறைய மாறவேயில்லை. மருந்தைச் சுமக்க இந்த மூலக்கூறுகளை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு.

இந்தியாவில் இத்தகைய சோதனைக்கு வலுவான எக்ஸ் கதிர் வேண்டுமென்றால் இந்தூரின் இன்டஸ்-2 சின்க்ரோட்ரான் இருக்கிறது. அங்கே எலக்ட்ரான்கள் 2.5 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சுற்றுகின்றன. அதன் கதைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)